மங்கும் ஒளியை 450 நாள் அளந்த கதை

சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும், பௌதிகம் படித்தவன் என்ற உரிமையில் ஒரு சின்ன சரித்திரம் சொல்கிறேன்.

1967 ஜூலை 2-ல், அணுகுண்டு சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்களில் விண்வெளியிலிருந்து வந்த காமாக்கதிர் வெடிப்பு ஒன்று பதிவானது. விஷயம் வெளியானது 1973-ல்தான். அப்புறம் ஒரே சர்ச்சை! நம்ம பால்வீதிக்குப் பக்கத்திலா, அண்டத்தின் கோடியிலா? சில விநாடிகளில் முடிந்துவிடுகிற சமாசாரம். இருந்த இடத்தையே சரியாகக் குறிக்க முடியவில்லை.

1997 மே 8-ல் நடந்த வெடிப்பின் இடத்தை பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் சீக்கிரமே காட்டிக்கொடுத்தது. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி, அதன் ஒளி நம்மை அடைய சுமார் 700 கோடி ஆண்டுகள் ஆனதைக் காட்டியது. அண்டத்தின் கோடிதான்!

நியூ மெக்சிகோ சமவெளியில் 25 மீட்டர் அகலமுள்ள 27 கிண்ண ஆன்டெனாக்கள் சேர்ந்த வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியை டேல் ஃப்ரெய்ல் அந்தப் பக்கம் திருப்பினார். நம் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னியும் அக்குழுவில் இருந்தார். காமாக்கதிர் வெடிப்பின் பின்னொளி ரேடியோ அலையில் அகப்பட்டது அதுவே முதல் தடவை.

முதல் சில வாரங்கள் அலையின் வலிமை தாறுமாறாக ஏறி இறங்கியது. பிறகு அடங்கிவிட்டது. ஏன்? புள்ளியாகத் தெரியும் நட்சத்திரம் மினுக்குகிறது. வட்டமாகத் தெரியும் கிரகம் மினுக்குவதில்லை. அதே கதைதான். நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள மின்னேற்ற வாயு மினுக்க வைத்தது. தீக்கோளம் பெருத்ததும் மினுக்கல் நின்றது. கணக்குப் போட்டால் அளவு சுமார் ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர்! ஒரே மாதத்தில் அவ்வளவு பெருக்க, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விரிந்திருக்க வேண்டும்.

அதோடு அவர்கள் விடவில்லை. மங்க மங்க 450 நாள் அளந்தார்கள். விரிவின் வேகம் தணிந்த பிறகு கிடைத்த அளவுகளிலிருந்து மொத்த ஆற்றலைக் கணித்து 2000-ல் வெளியிட்டார்கள். எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறியதாக வைத்துப் போட்ட பழைய கணக்கைவிட அது குறைவு. ஆரம்பத்தில் வெடிப்பு கூம்புபோல ஒரு பக்கமாகப் பீறிட்டிருக்கிறது என்று புரிந்தது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்கூடத்தில் முள் அசைவது குறைந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு கேன்டீனுக்கு ஓடாதீர்கள். இன்னும் நாலு அளவு எடுத்துவிட்டுப் போங்கள்.