கைப்பிடி இல்லாத கதவுக்கு ஒரு மாற்றுவழி

கார்க் கதவின் வெளிக் கைப்பிடியைக் கழற்றி, துளையைத் தகடு வைத்துப் பற்றவைத்து, மேலே ஈயத்தை உருக்கிப் பூசி வழவழப்பாக்கும் வழக்கம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. 1930களின் பிற்பகுதியில் சாக்ரமென்டோ நகரில் ஹாரி வெஸ்டர்கார்ட் இத்தகைய வேலைகளைச் செய்துவந்தார். அந்த ஊரில் தொழில் பழகிய ஜார்ஜ் பாரிஸும் அவருடைய அண்ணன் சாமும் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பட்டறை நடத்தினார்கள். 1951 மாடல் மெர்குரி ஒன்றை பாப் ஹிரோஹாட்டாவுக்காக அவர்கள் 1952இல் மாற்றியமைத்தார்கள். பக்கவாட்டில் கண் தடையின்றி வழுக்கிச் செல்லும் அந்தக் கார்தான் இந்தக் கலையின் உச்சம் என்று இன்றும் சொல்லலாம்.

கைப்பிடி போன பிறகு கதவைத் திறக்கும் வேலை சொலினாய்டுக்கு வந்தது. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு சட்டென்று இழுபட்டு, பூட்டின் நெம்புகோலை விடுவிக்கும். அதற்கான பொத்தானைக் காரின் அடிப்பகுதியில் கண்ணில் படாமல் வைப்பார்கள். பிடித்து இழுக்க எதுவும் இல்லாததால், பூட்டு விட்டதும் கதவை ஓர் அங்குலம் வெளியே தள்ள, கதவு நிலையில் ஒரு ஸ்பிரிங் முளையும் தேவைப்பட்டது.

ஏற்பாடு முழுவதும் பேட்டரியை நம்பியிருந்தது. இத்தகைய கார்கள் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்பவை. பேட்டரி தானாகவே இறங்கிவிடும். 1950களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் இருந்தது 6 வோல்ட் மின்சாரம். இழுவிசை நிறைய வேண்டிய சொலினாய்டுக்கு அது அவ்வளவாகப் போதாது; தடித்த ஒயரும் சுத்தமான இணைப்பும் இல்லையென்றால் தண்டு பாதியில் நின்றுவிடும். பேட்டரியை மாற்ற பானெட்டைத் தூக்க வேண்டும். பானெட்டின் நெம்புகோல் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தால் அதற்கும் வழியில்லை.

மிக எளிய மாற்றுவழி, கதவின் முன்பக்க முக்கோணக் கண்ணாடியைக் கொக்கி போடாமல் விடுவது. அதைத் தள்ளிக் கைவிட்டால் உள் கைப்பிடி எட்டும்; திருடனுக்கும் எட்டும். இன்னொன்று, காரின் அடியில் பேட்டரியோடு இணைந்த ஒரு முளை. வெளி பேட்டரியின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைச் சட்டத்திலும் பிடித்தால் சொலினாய்டுக்கு உயிர் வரும். 1955 வரையிலான ஃபோர்டு, மெர்குரி கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் சட்டத்தோடு இணைந்திருந்தது. அதனால் முளையாக வர வேண்டியது எதிர்முனை. இதை மறந்து பிடித்தால் தீப்பொறிதான். முளை உலோகத்தில் உரசாதபடி ரப்பர் உறையும் வழியில் ஒரு ஃபியூஸும் கட்டாயம்.

எல்லாவற்றிலும் நம்பத் தகுந்தது, உறைக்குள் ஓடும் இழுகம்பி. சைக்கிள் பிரேக் கம்பியின் அதே அமைப்பு. பூட்டிலிருந்து கதவின் கீல் இடுக்கு வழியாக வந்து, மட்கார்டின் உள்விளிம்பில் சக்கரத்துக்கு மேலே ஒரு சிறு வளையத்தில் அது முடியும். விரலை மாட்டி இழுத்தால் கதவு திறக்கும். இதைக் கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பியைச் சொலினாய்டின் தண்டில் கட்டக்கூடாது. தண்டு துருப்பிடித்து இறுகினால் கம்பியும் சேர்ந்து முடங்கும். நெம்புகோலில் தனியே, நீளத் துளை வைத்து மாட்ட வேண்டும். அப்போது சொலினாய்டு இழுக்கும்போது கம்பி தளர்ந்தே இருக்கும், கம்பியை இழுக்கும்போது சொலினாய்டு குறுக்கே வராது. உறையைப் பூட்டருகே இறுகப் பிடித்துக் கட்டாவிட்டால், இழுப்பு முழுவதும் உறையை வளைப்பதிலேயே போய்விடும். எல்லாக் கதவுக்கும் இது வேண்டியதில்லை. ஒன்று திறந்தால் மற்றவற்றை உள்ளிருந்தே திறக்கலாம்.

ரிமோட்டும் 12 வோல்ட் மின்சாரமும் வந்த பிறகும் இந்தக் கம்பி கைவிடப்படவில்லை. தொழிற்சாலைக் கார்களும் அதே வழிக்கு வந்தன. வெளிக் கைப்பிடி இல்லாமல், தொட்டால் மின்சாரத்தில் திறக்கும் கதவுகளுடன் வந்த 2005 மாடல் செவ்ரலே கார்வெட்டில், பேட்டரி இறங்கினால் பின்புறச் சாவித்துளை வழியாக டிக்கியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் இழுவையை இழுத்தால் ஓட்டுநர் பக்கக் கதவு விடுபடும். காருக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கோ இருக்கையோரம் தரையில் ஒரு நெம்புகோல் வைக்கப்பட்டிருந்தது.