பிளவின் மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நோர்வேயில் நிலநடுக்கமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ரொம்மனின் இரு பக்கங்களையும்தான். பள்ளத்தாக்குக்கு அப்பால், எஸ்த்மார்க்காக் காட்டின் அடியில் இருப்பது நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழைய நைஸ் பாறை. நமக்குப் பின்னால் லில்லோமார்க்காவில் இருப்பதோ முப்பது கோடி ஆண்டுகூட ஆகாத, நிலத்தடியில் உருகி இறுகிய பாறை. பக்கத்து ஊரான குரூரூட்டின் பெயரையே ஒரு பாறை வகைக்கு வைத்தார் நோர்வே நிலவியலாளர் புரேகர்.

இவ்வளவு வயது வித்தியாசம் ஏன்? பெர்மியன் காலத்தில் இந்த நிலம் இரண்டாகப் பிரியப் பார்த்தது, பிரியவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியது. அந்தப் பிளவைப் பார்க்க எக்கபர்க் சரிவுக்குப் போங்கள். மலை அங்கே நேர்கோட்டில் செங்குத்தாக நிற்கும். ஆறும் பனியும் இவ்வளவு நேராக வெட்டுவது அரிது. நேர்கோட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

1904 ஒக்டோபர் 23, ஞாயிறு. ஒஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர். சனங்கள் காலை ஆராதனையில் இருந்த நேரம் நிலம் ஆடியது. மையம் ஒஸ்லோ ஃபியோர்ட்டின் வெளிவாயில் பக்கம். அளவு ஏறத்தாழ 5.4. சுவீடனிலும் டென்மார்க்கிலும்கூட உணர்ந்தார்கள். நகரின் யோகான்னஸ் தேவாலயத்தில் பெரும் பீதி. ஒருவரும் இறக்கவில்லை. 1755இல் லிஸ்பனிலும் சகல புனிதர் நாளன்று, ஆராதனை வேளையில்தான் நிலம் ஆடியது. அங்கே கூரைகள் சனங்களின் மேலேயே விழுந்தன.

பெர்கனில் இருந்த கொல்டெருப் என்ற நிலவியலாளர் இந்த அதிர்வை ஆராய்ந்து எழுதினார். அடுத்த ஆண்டே பெர்கனில் நிலநடுக்கமானி வைத்தார்கள். பொதுமக்களிடம் கேள்வித்தாள் அனுப்பி விவரம் சேர்க்கும் வழக்கம் 1887இலேயே தொடங்கிவிட்டது. நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது" என்று கேட்டுக் குறிக்கும் எங்கள் வேலைதான் அது.

களிமண் நிலத்தில் நின்ற யோகான்னஸ் தேவாலயம் 1928இல் இடிக்கப்பட்டது. உள்ளூர்க் கல்லால் 1902இல் கட்டிய குரூரூட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. களிமண் அதிர்வைப் பெருக்கும், பாறை அப்படிப் பெருக்காது. நம் பள்ளத்தாக்கின் அடியிலும் பழைய கடல் விட்டுச்சென்ற களிமண் உண்டு. அதனால் நம் மண்டபங்களில் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: ஆடினால் வாசலுக்கு ஓடாமல், மேசைக்குக் கீழே குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். நெரிசலில் விழுந்த முதியவரின் இடுப்பெலும்பு எத்தனை மாதம் எடுக்கும் என்பதை நான் வார்டில் பார்க்கிறேன்.