சக்கரச் சீரமைப்பின் வரலாறு

மோட்டார் வண்டியின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்றும் சாலைக்கும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சரிபார்த்துத் திருத்துவது சக்கரச் சீரமைப்பு ஆகும். பணிமனைகளில் ‘வீல் அலைன்மென்ட்’ என்றே வழங்குகிறது. இதன் தொடக்கம் குதிரைவண்டிக் காலத்தைச் சேர்ந்தது.

பழைய நான்கு சக்கரக் கோச்சு வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே ஆணியைச் சுற்றித் திரும்பியது. சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருந்ததால் அவை எப்போதும் இணையாகவே நின்றன, சீரமைக்க எதுவுமில்லை. ஆனால் கூர்மையாகத் திரும்பும்போது முன் சக்கரங்கள் வண்டியின் அடியில் புகுந்துவிடும். நான்கு கால் மேசை மூன்று கால் மேசையானது போல வண்டி கவிழும்.

சார்லஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் லிச்ஃபீல்டு நகரில் மருத்துவர். நோயாளிகளைக் காண நாள்தோறும் வண்டியில் அலைந்தவர். அச்சை அசையாமல் நிறுத்தி, சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பும் அமைப்பை 1750களின் இறுதியில் அவர் வகுத்தார். அதற்கு உரிமம் பெறவில்லை. 1768இல் வண்டி விபத்தொன்றில் அவருடைய முழங்கால் சில்லு உடைந்தது.

இதே எண்ணத்தை மியூனிக் நகர வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் தனியே கண்டடைந்தார். அவருக்காக 1818இல் லண்டனில் உரிமம் பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மான். சாக்சனியில் பிறந்த இவர் வண்டி வடிவமைப்பாளராகத் தொடங்கி, ஓவிய அச்சுப் பதிப்பாளராகப் புகழ்பெற்றவர். நெல்சனின் இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்தவரும் இவரே. உரிமத்தில் இருந்த பெயரே நிலைத்தது. இன்றும் பொறியியல் மாணவர்கள் ‘ஆக்கர்மான் திருப்பமைப்பு’ என்றுதான் படிக்கிறார்கள். கண்டுபிடித்தவர் பெயர் பாடநூலில் வருவது அரிது. அன்றைய ஆங்கில வண்டித் தச்சர்களோ இம்முறையைப் பெரிதாக ஏற்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்தையும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்தையும் வரைகின்றன. ஆகவே உட்புறச் சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இல்லையேல் டயர் உருளாமல் தேயும். திருப்பும் கைகளைச் சற்று உட்சாய்வாக அமைத்தால் இது கிடைக்கும். இந்தச் சாய்வுக்கு 1878இல் விதி கூறியவர் பிரெஞ்சு வண்டித் தயாரிப்பாளர் சார்ல் ஜான்தோ: திருப்பாணிகளிலிருந்து அக்கைகளின் முனைகள் வழியே நீட்டிய கோடுகள் பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும்.

கார்ல் பென்ஸ் 1885இல் செய்த முதல் காருக்கு மூன்றே சக்கரங்கள். திருப்பும் சிக்கலுக்கு அவருக்கு அப்போது தீர்வு கிட்டாததே காரணம். 1893இல் இரட்டைத் திருப்பாணி முறைக்கு உரிமம் பெற்ற பிறகே அவருடைய நான்கு சக்கர ‘விக்டோரியா’ வந்தது. பிரான்சில் அமெடே பொல்லே 1873ஆம் ஆண்டு நீராவி வண்டியிலேயே இவ்வகை அமைப்பைப் பொருத்தியிருந்தார்.

சக்கரங்கள் தனித்தனியே திரும்பத் தொடங்கியதும் புதிய கேள்வி எழுந்தது: அவை இணையாக நிற்கின்றனவா? அவற்றை இணைக்கும் ‘டை ராடு’ என்னும் தண்டின் நீளமே அதைத் தீர்மானிக்கிறது. பின்சக்கர உந்துதலுள்ள வண்டி ஓடும்போது சாலையின் எதிர்ப்பு முன் சக்கரங்களை வெளிப்புறமாக விரிக்கும். எனவே நிற்கும் நிலையில் அவற்றின் முன் விளிம்புகளைச் சில மில்லிமீட்டர் உள்நோக்கி வைத்தார்கள். இதுவே ‘டோ-இன்’. அது மிகுந்தால் டயரின் வெளி ஓரமும், மாறாக விரிந்திருந்தால் உள் ஓரமும் தேயும். டயர் முகத்தில் கையைக் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் சொரசொரப்பும் தெரிவது இதன் அடையாளம்.

இதை அளக்க எந்திரம் தேவைப்படவில்லை; வீட்டிலும் செய்தார்கள். சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரு டயர்களின் பின்புறத்தில் அச்சு உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு இடைவெளியை அளப்பர். பிறகு குறிகள் முன்புறம் வரும்வரை வண்டியை அரைச் சுற்று முன்னோக்கி உருட்டி மீண்டும் அளப்பர். அதே குறிகளையே இருமுறை அளப்பதால் ரிம்மின் கோணல் கணக்கில் புகாது. இரு அளவுகளின் வேறுபாடே டோ. பூட்டு மரையைத் தளர்த்தி டை ராடைத் திருகிச் சரிசெய்வர். இருபுறமும் தனித் தண்டு உள்ள வண்டிகளில் இரண்டையும் சம அளவு திருக வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

சக்கரத்தின் பக்கச் சாய்வான கேம்பர், திருப்பாணியின் முன்பின் சாய்வான காஸ்டர் ஆகிய இரண்டும் இம்முறைக்குள் அடங்குவதில்லை. 1930களில் முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்கும் அமைப்பு பரவியபின் அவற்றையும் அடிக்கடி சரிபார்க்க நேர்ந்தது. அந்த வேலை பணிமனைக்குப் போயிற்று.