மார்பிற் செருகிய கை

வலக்கையை மார்ச்சட்டையின் பொத்தான்களிடையே செருகி நிற்கும் நெப்போலியனின் ஓவியத்தைப் பள்ளிப் புத்தகத்திலேனும் பாராதார் அரியர். அக்கை அங்கே மறைந்தது ஏன்? பேரரசருக்குத் தீராத வயிற்றுவலி என்பர் சிலர். 1821-ஆம் ஆண்டிலே செயின்ட் ஹெலினா தீவில் அவர் வயிற்று நோயால் மாண்டமையால் இக்கதைக்கு வலிமையும் கூடிற்று. ஆயினும், வரலாறு கூறும் விடை வேறு.

அவ்வோவியத்தை 1812-இல் தீட்டியவர் ழாக் லூயி தாவீது. வேண்டிப் பெற்றவர் ஸ்காத்லாந்துப் பிரபு ஒருவர். நெப்போலியன் அதற்கென ஓவியர்முன் நிற்கவே இல்லை! எரிந்து தேய்ந்த மெழுகுவத்தி, நான்கு மணியைக் கடந்த கடிகாரம், மேசைமேற் சட்டச் சுவடி ஆகிய யாவும், குடிகளுக்காக இரவெல்லாம் விழித்திருந்த மன்னர் இவர் எனக் காட்டவே அமைக்கப்பெற்றன. கையும் அவ்வாறு அமைக்கப்பெற்றதே.

அம்மரபு நெப்போலியனுக்கும் முந்தியது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கனவான்கள் பலர் இக்கோலத்திலேயே தம் உருவை எழுதுவித்தனர். 1737-இல் நன்னடை பற்றி நூல் வெளியிட்ட பிரான்சுவா நிவெலோன், அடக்கத்தோடு கூடிய துணிவை இந்நிலை காட்டும் என்றார்.

இதன் வேரோ பண்டைக் கிரேக்கத்தில் உள்ளது. கி.மு. நான்காம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத்து நாவலர் ஈஸ்கினஸ், முன்னோர் கையை மேலாடைக்குள் அடக்கியே அவையிற் பேசினர் என்று புகழ்ந்தார். சான்றாக, சலாமிஸில் நின்ற சோலோன் என்னும் சட்ட அறிஞரின் சிலையைக் காட்டினார். அவர்தம் எதிரி தெமாஸ்தனிஸ் வாளா இருப்பாரா? சிலை வைத்து ஐம்பது ஆண்டும் நிரம்பவில்லை. சோலோன் வாழ்ந்ததோ ஏறத்தாழ 240 ஆண்டுகட்கு முன். சிற்பி அவரைக் கண்டது எங்ஙனம் என்று மடக்கினார். அவையிற் பேசுங்கால் கையை அடக்குவது பெரிதன்று, தூது சென்றவிடத்து அடக்குவதே பெரிது என்றும் இடித்துரைத்தார். கைக்கூலிக்கு நீளும் கையையே அவர் சுட்டினார் என்பது வெளிப்படை.

ஆகவே, உருவப்படத்துக் கையிலே நாம் காண்பது பெரும்பாலும் ஒருவர் எவ்வாறு நினைக்கப்பட விரும்பினார் என்பதையே.

நம் சங்கத்து ஆண்டுவிழாப் படங்களிலும் கைகட்டி நிற்பார் உளர். முழங்காலிற் கையூன்றி அமர்ந்தாரும் உளர். நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அவற்றைப் புரட்டி, இவர்கள் எத்தகையோர் என்று வினவுவர். அதற்கு விடை, பொதுப்பணியில் அக்கைகள் செய்த செயலிலேதான் கிடைக்கும்.