ஒரே அடுப்பு, ஒரே குடும்பம்: கிராமத்து முதியவர்களும் அரசு வீடும்

வயதானவர்களுக்கு அரசாங்கம் வீடு கட்டித் தருகிறதா? தருகிறது. ஆனால் வயதானவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தருவதில்லை. கிராமப்புற வீட்டுத் திட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால், முதுமை அந்த விதிகளுக்குள் ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

1985-ல் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் வந்தபோது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்குத்தான் வீடு. 1993-94-ல் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மற்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அப்படியானால் யார் ஏழை? 2002 கணக்கெடுப்பு இதற்கு 13 கேள்விகள் வைத்திருந்தது. நிலம், துணிமணி, கழிப்பறை, கடன் என்று எல்லாம் கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அந்த 13-ல் வயதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது!

2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில்தான் நிலைமை மாறியது. "16 முதல் 59 வயதுக்குள் யாருமே இல்லாத குடும்பம்" என்பது வறுமையின் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் இந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டது. வீடில்லாதவர்கள், மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருப்பவர்கள் தகுதியானவர்கள். அவர்களுக்குள் யார் முதலில் என்று வரும்போது இந்த அடையாளம் மதிப்பெண்ணாகக் கணக்கில் வரும்.

சிக்கல் எங்கே என்றால், குடும்பம் என்ற சொல்லில். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரே குடும்பம். தாத்தா பாட்டியோடு 17 வயதுப் பேரன் தங்கிப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்க வேண்டாம். அவன் அங்கே சாப்பிட்டாலே அந்த முதியவர்களுக்கு அந்த மதிப்பெண் போய்விடும். பேரன் துணையாக இருப்பது வரிசையில் அவர்களைப் பின்னால் தள்ளுகிறது. இது நியாயமா என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதில் ஊர் எல்லை வேறு குறுக்கே நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆத்தூரை எடுத்துக்கொள்வோம். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, வயல் என்று பார்க்க கிராமம்தான். ஆனால் அது பேரூராட்சி. அதனால் சட்டப்படி நகர்ப்புறம்! அதே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் புன்னைக்காயல் கிராம ஊராட்சி. ஆத்தூர்ப் பாட்டிக்கு 2015-ல் வந்த நகர்ப்புறத் திட்டம், புன்னைக்காயல் பாட்டிக்கு ஊரகத் திட்டம். நகர்ப்புற விதியில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் மட்டுமே. அங்கே பேரன் கணக்கிலேயே வரமாட்டான். ஆனால் தானே வீடு கட்டிக்கொள்ள மானியம் வேண்டுமென்றால் சொந்த இடம் இருக்க வேண்டும்.

இந்த எல்லைக் கோடும் நிலையாக இருந்ததில்லை. கிராம வளர்ச்சி நிதி கிடைக்கட்டும் என்று 2004-ல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. 2006-ல் திரும்பவும் பேரூராட்சிகளாக்கியது. இரண்டே வருடத்தில் நகரம் கிராமமாகி, கிராமம் நகரமானது.

வீடு ஒதுக்கியாகிவிட்டது, அப்புறம்? ஊரகத் திட்டத்தில் பணம் தவணையாகத்தான் வரும், கட்ட வேண்டியது பயனாளியின் பொறுப்பு. 75 வயதுக்காரர் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அலைய முடியுமா? அதனால்தான், முதுமையால் கட்ட இயலாதவர்களின் வீட்டைக் கொத்தனார் பயிற்சியின் ஒரு பகுதியாக எடுத்துக் கட்டலாம் என்று வழிகாட்டு நெறிமுறையில் எழுதப்பட்டது. இந்த விதிகளிலேயே முதியவரை முதியவராகப் பார்த்த வரி இதுதான் எனலாம்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இன்ஜின் வைத்த மீன்பிடி வள்ளம் இருந்தால் வீடு கிடையாது. குளிர்சாதனப் பெட்டி, இருசக்கர வாகனம் இருந்தாலும் அப்படித்தான். மகனின் வள்ளமாக இருந்தாலும், ஒரே அடுப்பு என்றால் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் தடை. 2024-ல் விதிகளைத் திருத்தியபோது வள்ளமும் இருசக்கர வாகனமும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மாத வருமான வரம்பும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது.