உமான்: ஒரே ஊர், மூன்று நினைவுகள்

உக்ரைனின் தலைநகர் கீவிலிருந்து ஒடெசா துறைமுகத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் உமான் என்ற ஊர் இருக்கிறது. 2023 ஏப்ரல் 28 அன்று அதிகாலையில் ரஷ்ய ஏவுகணை ஒன்று அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைத் தாக்கியதில் 23 பேர் இறந்தார்கள். செய்தியில் அந்தப் பெயரைப் பார்த்த நாளிலிருந்து, அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படித்ததில் என் மனதில் நின்றதை இங்கே எழுதி வைக்கிறேன்.

400 ஆண்டுகளுக்கு முன் உமான் ஒரு எல்லைப்புற ஊர். அப்போது அது போலந்து–லிதுவேனியா அரசின் கீழ் இருந்தது. தெற்கே பரந்த புல்வெளி. அதற்கு அப்பால் கிரிமியத் தாத்தாரியர்களும் துருக்கி சுல்தானின் ஆட்சியும். தாத்தாரியர் குதிரைகளில் வந்து ஊரைச் சூறையாடி, ஆட்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். அதனால் உமானைச் சுற்றி அரண் கட்டியிருந்தார்கள்.

அந்தப் புல்வெளியில்தான் கொசாக்குகள் உருவானார்கள். பண்ணை அடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடி வந்தவர்கள், வேட்டைக்காரர்கள், மீனவர்கள், போர்வீரர்கள் என்று பலவகை மனிதர்கள் அதில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். போலந்து அரசு சண்டைக்கு அவர்களைப் பயன்படுத்திக்கொண்டது. சண்டை முடிந்ததும் அவர்களுடைய உரிமைகளைச் சுருக்கப் பார்த்தது. 1648இல் பொஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி தலைமையில் கொசாக்குகள் பெரும் கிளர்ச்சி செய்தபோது உமான் ஒரு கொசாக் படைப்பிரிவின் தலைமையிடம் ஆயிற்று. 1667 உடன்படிக்கையில் நீப்பர் ஆற்றின் வலக்கரை போலந்துக்கும் இடக்கரை மாஸ்கோவுக்கும் என்று நாடு பங்கு போடப்பட்டது. 1674இல் துருக்கியப் படை உமானை அழித்தது.

பிறகு 18ஆம் நூற்றாண்டில் ஊர் பொடோட்ஸ்கி குடும்பத்தின் கைக்கு வந்தது. போலந்தின் மிகப் பெரிய நிலப்பிரபுக்களில் ஒருவர் அவர்கள். சந்தை கூடியது, வணிகம் பெருகியது, 1760களில் பசிலியத் துறவிகள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் செழிப்பான ஊர்தான்.

உள்ளே நிலைமை வேறு. நிலம் போலிஷ் கத்தோலிக்கப் பிரபுவுக்குச் சொந்தம். உழுகிறவர் உக்ரைனிய விவசாயி. ஆலை, சாராயக்கடை போன்றவற்றைப் பிரபு குத்தகைக்கு விட்டார். குத்தகை எடுத்தவர்களில் பலர் யூதர்கள். பிரபு கேட்ட தொகையைக் கட்ட வேண்டுமானால் அவர்கள் விவசாயியிடம் வசூலிக்காமல் முடியாது. பிரபு தொலைவில் மாளிகையில் இருக்கிறார். விவசாயி தினமும் பார்ப்பது குத்தகைக்காரரின் முகத்தை. கோபம் யார் மேல் முதலில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. இதோடு மதச் சண்டையும் சேர்ந்தது. ஆர்த்தடாக்ஸ் மக்களை, வழிபாட்டு முறையைப் பழையபடி வைத்துக்கொண்டு போப்பின் தலைமையை ஏற்கும் யூனியட் திருச்சபைக்கு மாறச் சொல்லி நெருக்கினார்கள்.

1768 பிப்ரவரியில், பார் என்ற ஊரில் போலிஷ் பிரபுக்கள் கூடி, ரஷ்யாவின் தலையீட்டுக்கும் தங்கள் மன்னருக்கும் எதிராக ஆயுதமெடுத்தார்கள். இந்தக் குழப்பத்தில் உக்ரைனிய விவசாயிகளும் கிளம்பினார்கள். ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரினே தங்களுக்கு ஆணை அனுப்பியிருக்கிறார் என்று ஒரு பொய்ச் செய்தி பரவியது. மக்சிம் சலிஸ்னியாக் என்ற சப்போரோஷியக் கொசாக் அவர்களுக்குத் தலைவரானார். இதைத்தான் கொலீவ்ஷ்சினா கிளர்ச்சி என்கிறார்கள்.

சுற்றுவட்டாரத்துப் போலிஷ்காரர்களும் யூதர்களும் அரண் இருக்கிறதே என்று நம்பி உமானுக்குள் ஓடி வந்தார்கள். அவர்களைக் காக்கும் பொறுப்பு பொடோட்ஸ்கியின் கொசாக் காவல்படையிடம் இருந்தது. அதன் அதிகாரி இவான் கோன்டா. பொடோட்ஸ்கி அவருக்குக் கிராமங்களே கொடுத்து வைத்திருந்தார். கிளர்ச்சியாளர்களை எதிர்க்க அனுப்பப்பட்ட கோன்டா, படையோடு அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டார். ஜூன் மாதம் உமான் விழுந்தது. ஜெப ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், பசிலியப் பள்ளியின் மாணவர்கள் என்று யாரையும் விடவில்லை. பழைய நூல்கள் இறந்தவர்கள் 20,000 பேர் என்கின்றன. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். குறைத்தாலும் ஆயிரக்கணக்கில்தான்.

ரஷ்யப் பேரரசி தங்களைக் காப்பார் என்று கிளர்ச்சியாளர்கள் நம்பினார்கள். அவருடைய படையோ நண்பர்கள் போல நெருங்கி இரு தலைவர்களையும் பிடித்தது. கோன்டா போலந்துக் குடிமகன் என்பதால் போலந்திடம் ஒப்படைக்கப்பட்டு, சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். சலிஸ்னியாக் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1775இல் சப்போரோஷியக் கொசாக்குகளின் கோட்டையையே காதரின் இடித்துத் தள்ளினார். போலந்து மட்டும் என்ன ஆயிற்று? உமானின் அடுத்த உரிமையாளர் ஸ்டானிஸ்வாவ் ஷ்சென்ஸ்னி பொடோட்ஸ்கி, 1792இல் சொந்த நாட்டின் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து, காதரினின் துணையை நாடினார். மறு ஆண்டே போலந்தின் இரண்டாவது பங்கீடு. உமான் ரஷ்யாவுக்குப் போயிற்று. போலந்தில் இன்றும் அவர் பெயர் துரோகிகள் பட்டியலில்தான் இருக்கிறது.

அதே மனிதர்தான் தன் காதலி சோபியாவுக்காக 1796இல் உமானில் ஒரு தோட்டம் அமைக்கத் தொடங்கினார். கருங்கல் பாறைகள், அருவிகள், ஏரிகள், நிலத்துக்கடியில் படகு போகும் கால்வாய் எல்லாம் உண்டு. வேலை செய்தவர்கள் பண்ணையடிமைகள். கிளர்ச்சி நடந்து 30 ஆண்டுகூட ஆகவில்லை. அதில் ஈடுபட்டவர்களின் பிள்ளைகளும் அந்தக் கல்லைச் சுமந்திருப்பார்கள். ‘சோபியிவ்கா’ இன்று உக்ரைனின் புகழ்பெற்ற பூங்காக்களில் ஒன்று.

1810இல் பிராட்ஸ்லாவ் ஊரிலிருந்து ரப்பி நாக்மன் என்ற யூத ஞானி, காசநோய் முற்றிய நிலையில் உமானுக்கு வந்து குடியேறினார். 1768இல் கொல்லப்பட்டவர்கள் புதைந்த மண்ணில் தானும் அடங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே ஆண்டு அக்டோபரில் 38 வயதில் இறந்தார். விரும்பியபடியே அங்கே அடக்கமானார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் உமானின் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். சோவியத் காலத்தில் ஒரு சிலர் ஒளிந்து ஒளிந்து வந்து சமாதியில் பிரார்த்தித்தார்கள். இப்போது ஒவ்வொரு யூதப் புத்தாண்டுக்கும் உலகெங்கிலுமிருந்து பல்லாயிரம் பேர் வருகிறார்கள். போர் நடக்கும்போதும் வரத்தை நிறுத்தவில்லை.

அதே ஊரில் 2015இல் கோன்டாவுக்கும் சலிஸ்னியாக்குக்கும் சிலை திறந்தார்கள். உக்ரைனியர்களுக்கு அவர்கள் அடிமைத்தளையை எதிர்த்த வீரர்கள். மகாகவி தாராஸ் ஷெவ்சென்கோ 1841இல் அவர்களை வைத்து ஒரு நெடுங்கவிதையே எழுதினார். அதில் கோன்டா, கத்தோலிக்கராக வளர்ந்த தன் பிள்ளைகளைத் தானே வெட்டுகிறார். அப்படி ஒன்று நடக்கவில்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இருந்தும் கவிதையில் வந்த கோன்டாதான் மக்கள் மனதில் நிலைத்தார்.

போலிஷ்காரருக்கு உமான் என்றால் படுகொலை. யூதருக்குத் தியாகிகளின் மண். உக்ரைனியருக்கு விடுதலைப் போர். மூவரும் சொல்வது 1768 ஜூன் மாதத்தின் அதே சில நாட்களைத்தான். இதில் யார் சொல்வது பொய் என்று தேடினால் விடை கிடைக்காது. விவசாயியின் முதுகில் விழுந்த சாட்டையும் உண்மை, ஜெப ஆலயத்தில் செத்த குழந்தையும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நியாயப்படுத்தும்போதுதான் வரலாறு கெட்டுப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடக்குமுறை எப்படி வந்தது என்று விளக்கலாம். கொலையை விளக்கிவிட்டோம் என்பதற்காக அது கொலை இல்லாமல் போய்விடாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் வரலாறு படிக்கும்போது, வென்றவர் எழுதியதோடு நிறுத்தாமல், அதே நாளில் எதிர்ப்பக்கத்தில் அழுதவர் என்ன எழுதினார் என்றும் கேட்கச் சொல்லுங்கள். உமானுக்கு மட்டும் பொருந்தும் பாடம் இல்லை இது.

சோபியாவின் கதையே தனி. துருக்கியில் பிறந்த ஏழைக் கிரேக்கப் பெண் போலந்தின் பெரிய சீமாட்டியான கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.