ஓரம் சொல்லும் வரலாறு: 1696-இன் வெள்ளி நாணயங்கள்

பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயம் சேகரிக்கும் ஒருவரிடம் ஒரு ஷில்லிங்கைக் கொடுத்துப் பாருங்கள். அரசரின் முகத்தைப் பார்த்த கையோடு ஓரத்தையும் திருப்பிப் பார்ப்பார். ஏன் தெரியுமா?

1662 வரை இங்கிலாந்தில் நாணயங்களைப் பெரும்பாலும் சம்மட்டியால் அடித்தே செய்தார்கள். ஓரம் ஒழுங்காக இருக்காது. சிலர் அந்த ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழு மதிப்புக்கே செலவழித்தார்கள். மரண தண்டனை இருந்தும் இது நிற்கவில்லை.

1662-க்குப் பிறகு பொறியில் அடித்த நாணயங்கள் வந்தன. ஓரத்தில் வரிகளோ எழுத்துகளோ இருந்ததால் கத்தரித்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அரசு பழைய நாணயங்களை நிறுத்தவில்லை. மக்கள் என்ன செய்வார்கள்? நல்லதைப் பதுக்கினார்கள், குறைந்ததைச் செலவழித்தார்கள். 1690-களில் கத்தரித்த நாணயங்களின் எடை சராசரியாகப் பாதிதான்.

1696-இல் மூன்றாம் வில்லியம் மன்னரின் அரசு பழைய நாணயங்களைத் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அடித்தது. அதே ஆண்டு ஐசக் நியூட்டன் நாணயச்சாலைப் பொறுப்பில் சேர்ந்தார். லண்டன் மட்டும் போதாமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து நகரங்களிலும் நாணயச்சாலைகள் திறந்தார்கள். மன்னரின் உருவத்துக்குக் கீழே அந்த நகரப் பெயரின் முதல் எழுத்து இருக்கும். லண்டன் நாணயத்தில் எழுத்து இருக்காது. சேகரிப்பவர்கள் இந்த ஆறு வகையையும் தேடி அலைவது இதனால்தான்.

சரி, இழப்பை யார் தாங்கினார்கள்? இதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 4 மே 1696 வரை கத்தரித்த நாணயத்தை முழு மதிப்புக்கே வரியாகக் கட்டலாம். வரி கட்டும் வசதி படைத்தவர்கள் தப்பித்தார்கள். கையில் 10 ஷில்லிங் மட்டும் வைத்திருந்த கூலியாளுக்கு எடைக்கணக்கில் 5 ஷில்லிங்தான் மிஞ்சும். அரசு தன் இழப்பை ஈடுகட்ட ஜன்னல் வரி போட்டது; அந்த வரி 1851 வரை நீடித்தது!

ஆகவே, “விளைவுகளை ஆராய்க” என்று கேள்வி வந்தால் “நாணயம் சீரானது” என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். யாருக்குச் சீரானது, யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய நாணயம் கிடைத்தால், வகுப்பில் காட்டுவதற்காகத் தேய்த்துப் பளபளப்பாக்காதீங்க. விலையும் குறையும், சான்றும் அழியும்.